மூடித் திறந்தால் பாஸ்வேர்டு கேட்காத லேப்டாப்

போன வாரம் மூடி வைத்த லேப்டாப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டு கேட்காமல் என் மெயில் அப்படியே திறந்து கிடந்தது. பகீரென்றது.

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் என்று போங்கள். கீழே, எப்போது மறுபடி சைன்-இன் கேட்க வேண்டும் என்ற கேள்வி இருக்கும். எனக்கு அதில் 'நெவர்' என்று இருந்தது. தூக்கத்திலிருந்து எழும்போது கேட்கும்படி மாற்றினேன்.

சரி, அப்புறமும் பூட்டவில்லையா? மூடினால் லேப்டாப் உண்மையில் தூங்குகிறதா என்று பாருங்கள். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள், மூடியை மூடும்போது 'டூ நத்திங்' என்றிருந்தால் அது தூங்கவே தூங்காது. பேட்டரியில் ஓடும்போது, சார்ஜரில் இருக்கும்போது என இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டிலும் 'ஸ்லீப்' வையுங்கள்.

சரிசெய்யும் வரை, எழுந்து போகுமுன் விண்டோஸ் பட்டனோடு எல் அழுத்திவிடுங்கள்.