பக்கம் 112இல் நிற்கும் புத்தகத்தை எப்படி விடுவது

போன வருடம் ஒரு தடித்த நாவல், எண்ணூறு பக்கத்துக்குக் கிட்ட, என் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் எட்டு மாதம் கிடந்தது. பக்கம் 112. ஒவ்வொரு இரவும் எடுப்பேன், அரைப் பக்கம் போகும், போன் தானாகக் கைக்கு வந்துவிடும். பிடிக்காத புத்தகம் யாருக்கும் வாய்க்கும், அதில் புதினம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த எட்டு மாதமும் நான் வேறு ஒரு புத்தகமும் வாசிக்கவில்லை என்பதைப் பிறகு கணக்குப் பார்த்தபோதுதான் கண்டேன். "இதை முடித்துவிட்டு அதைத் தொடங்குவோம்" என்று வாங்கி வைத்த நாலும் கடைப் பையிலேயே இருந்தன. காலி வீதியில் ஒரு பஸ் பழுதாகி நின்றால் பின்னால் பம்பலப்பிட்டி வரைக்கும் வரிசை நிற்குமே, அப்படி.

உங்களிடமும் அப்படி ஒன்று இருந்தால் மேலே வாசியுங்கள்.

முதலில், விடுவது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எந்த வழியும் வேலை செய்யாது. நாங்கள் புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றி வளர்ந்தவர்கள். நவராத்திரியில் அதற்குப் பூ வைத்தவர்கள். கோப்பையில் சோறு மிச்சம் வைத்தால் ஏச்சு வாங்கியவர்கள். அதற்கு மேலே, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த கதையை வீட்டில் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, ஒரு புத்தகத்தைப் பாதியில் மூடி வைப்பதே ஏதோ துரோகம் மாதிரி உறுத்தும். எனக்கு உறுத்தியது. ஆனால் யோசித்துப் பார்த்தால், ஒருவரும் விரிக்காமல் என் ஸ்டூலில் தூசி பிடித்துக் கிடப்பதிலும் அந்தப் புத்தகத்துக்கு ஒரு மரியாதையும் இல்லை.

சரி, எப்படி விடுவது?

பிழை புத்தகத்திலா உங்களிடமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பின்னேரம் ஆறு மணிக்கு 101 பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசித்தால் எந்தப் பெரிய எழுத்தாளரும் அலுப்பாகத்தான் இருப்பார். இரவு பதினொன்றரைக்கு, வேலை முடிந்து வந்து, பிள்ளையின் ரியூசன் கொப்பியும் பார்த்த பிறகு எடுத்தாலும் அதே கதைதான். ஆகவே அந்தப் புத்தகத்துக்கு ஒரு நல்ல நேரம் கொடுங்கள். ஒரு ஞாயிறு காலை, தேத்தண்ணி, போன் மற்ற அறையில், அரை மணித்தியாலம். அதுவும் சரிவரவில்லை என்றால் இனிப் புத்தகத்தைக் குறை சொல்லலாம்.

எத்தனை பக்கம் பொறுப்பது என்பதற்கு, நான்சி பேர்ள் என்ற அமெரிக்க நூலகர் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: 50 பக்கம் வாசி, பிடிக்கவில்லையா, விடு. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் 100இலிருந்து தங்கள் வயதைக் கழிக்க வேண்டும், மிஞ்சுவதுதான் அவர்கள் பொறுக்க வேண்டிய பக்கம். அறுபது வயது என்றால் 40 பக்கம், எண்பது என்றால் 20 போதும். வயது போகப் போகக் காலம் குறைகிறது, ஆகவே பொறுமையும் குறையலாம் என்பது அவருடைய நியாயம், எனக்கு அது மிகவும் பிடித்துப்போய்விட்டது. ஆனால் தமிழில் பல நாவல்கள் 130, 150 பக்கத்தில் முடிந்துவிடும், அவற்றுக்கு 50 கொஞ்சம் கூடத்தான், நான் 30 வைத்திருக்கிறேன். சிறுகதைத் தொகுதிக்குப் பக்கக் கணக்கே வேண்டாம். முதற்கதை, கடைசிக்கதை, இடையில் தலைப்புப் பிடித்த ஒன்று. மூன்றும் இழுக்கவில்லை என்றால் மூடிவிடலாம்.

பக்கம் எண்ணாமலே தெரிந்துகொள்ளும் அறிகுறிகளும் உண்டு. ஒரே பந்தியை மூன்றாம் தரம் வாசிக்கிறீர்கள். இன்னும் எத்தனை பக்கம் என்று கடைசித் தாளைப் புரட்டிப் பார்க்கிறீர்கள். நேற்று வந்த மாமனின் பெயர் இன்றைக்கு ஞாபகமில்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய அறிகுறி, வாசிப்பதை விடச் சட்டிபானை கழுவுவது நல்லது போலத் தோன்றுவது.

கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டிய இடங்களும் இருக்கின்றன. முக்கியமானது பேச்சுவழக்கு. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் நாஞ்சில் நாட்டுப் பேச்சிலோ கரிசல் பேச்சிலோ எழுதிய நாவலை எடுத்தால் முதல் இருபது பக்கம் கல்லும் முள்ளுமாகத்தான் இருக்கும். சில பிள்ளைகளுக்கு மட்டக்களப்புப் பேச்சை, ஏன், தங்கள் அம்மம்மாவின் யாழ்ப்பாணப் பேச்சையே எழுத்தில் பார்த்தால் இடறுகிறது. அப்படியானவற்றை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும். நான் இரண்டு நாவல்களை அப்படித்தான் காப்பாற்றினேன், கதவைச் சாத்திவிட்டு. அடுத்தது மொழிபெயர்ப்பு: வசனம் வசனமாகத் தலைகீழாக நிற்கிறது, யார் யாரை அடித்தார் என்றே தெரியவில்லை என்றால், மூல ஆசிரியரைக் கைவிட வேண்டாம், அந்த மொழிபெயர்ப்பை மட்டும் விட்டுவிட்டு வேறு ஒன்றைத் தேடுங்கள், அல்லது ஆங்கிலத்தில் எடுங்கள். உயர்தரப் பரீட்சைக்குத் தமிழ் படிக்கிறவர்களுக்கு என்னிடம் ஒரு வழியும் இல்லை. தம்பி, தங்கச்சி, வாசித்து முடியுங்கள்.

விடுவதென்று முடிவெடுத்தால் ஒரு துண்டுக் கடுதாசி எடுத்துத் திகதி, நின்ற பக்கம், ஏன் விட்டேன் என்று ஒரே ஒரு வரி, மூன்றையும் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். "எல்லாரும் ஒரே மாதிரிக் கதைக்கிறார்கள்." "நூறு பக்கமாக மழை பெய்கிறது." இது விளையாட்டு மாதிரித் தெரியும், ஆனால் விட்டது மறந்துபோய் ஒரு வருடம் கழித்துத் திரும்ப எடுத்து அதே 112இல் போய் நிற்கிற கொடுமையிலிருந்து காப்பாற்றும். பத்துத் துண்டு சேர்ந்தால் உங்களைப் பற்றியே ஒன்று தெரியவரும். எனக்குத் தெரிந்தது என்னவென்றால், பத்தில் ஆறு நான் விரும்பி வாங்கியவையே இல்லை. வெளியீட்டு விழாவில் வாங்கியவை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்பில் தமிழ் வாசிக்கிறவருக்கு இதுதான் உண்மையான சிக்கல். வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்கத்தில் ஒரு நூல் வெளியீடு. எழுதியவர் தெரிந்த மனிசர், ஒரே ஒழுங்கையில் குடியிருப்பவர், அல்லது சித்தப்பாவுடன் ஒன்றாக வேலை செய்தவர். முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று பெயர் கூப்பிடுவார்கள், நீங்கள் கவரில் காசை வைத்துக் கொடுத்து, படம் எடுத்து, கையெழுத்தும் வாங்கி வருவீர்கள். மூன்றாம் கிழமை மரக்கறிக் கடையில் அவர் கத்தரிக்காய் தெரிந்துகொண்டிருப்பார். "எப்படி, வாசிச்சனீங்களோ?"

அந்த நேரத்தில் "முழுக்க வாசித்தேன், அருமை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த கேள்வி "முடிவு எப்படி?" என்றுதான் வரும், நான் பட்டவன். விடுகிற புத்தகமாக இருந்தாலும் அதில் உண்மையாகப் பிடித்த ஒரு இடத்தைக் குறித்து வையுங்கள், முப்பது பக்கத்தில் ஒரு இடமாவது கட்டாயம் கிடைக்கும். "அந்தக் கிணற்றடிச் சண்டை அசல், எங்கள் ஊரைப் பார்த்த மாதிரியே இருந்தது." எழுதுகிறவர்களுக்குப் பொதுவான புகழ்ச்சியை விட இப்படி ஒரு இடத்தைத் தொட்டுச் சொல்வது இனிக்கும், பிறகு அவர் அந்தக் கிணற்றைப் பற்றியே பத்து நிமிடம் கதைப்பார், நீங்கள் தலையாட்டினால் போதும். "முடிச்சிட்டீங்களோ?" என்று நேராகவே கேட்டால், "இல்லை அண்ணை, இடையில் நிற்குது." அதில் பொய் இல்லை. பத்து வருடம் கழித்தும் இருக்காது.

அடுத்து, காசு. 2022இல் இலங்கை ரூபாய் சரிந்ததிலிருந்து தமிழ்நாட்டுப் புத்தகம் ஒவ்வொன்றும் யோசித்து வாங்கும் பொருளாகிவிட்டது, "இவ்வளவு கொடுத்து வாங்கிவிட்டு வாசிக்காமல் விடுவதா" என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் காசு கடையிலேயே போய்விட்டது, இனிப் போகப் போவது உங்கள் நேரம். 1985இல் ஆர்க்ஸ், புளூமர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நாடக சீசன் டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குக் கழிவிலும் விற்றார்கள். சீசனின் முதற்பாதியில் முழு விலை கொடுத்தவர்களே கூடுதலான நாடகங்களுக்குப் போனார்கள், இரண்டாம் பாதியில் அந்த வித்தியாசம் இல்லாமல் போனது. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்ட உபாயம்: காசு உறுத்துகிற புத்தகத்தை உடனே கொடுத்துவிடாமல் அலுமாரியின் மேல்தட்டில் ஆறு மாதம் வைத்துவிடுவது. விலை மறந்த பிறகு எடுத்துப் பார்த்தால் வேண்டுமா வேண்டாமா என்று உடனே தெரிந்துவிடும்.

வாங்கும்போதே கொஞ்சம் தப்பலாம். செப்டம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்துப் புத்தகக் கண்காட்சிக்குப் போனால், சனம் இடித்தாலும் பரவாயில்லை, நின்ற நிலையில் முதற்பக்கத்தையும் நடுவில் ஒரு பக்கத்தையும் வாசியுங்கள். முதற்பக்கத்தை எல்லாரும் மெனக்கெட்டுத்தான் எழுதுவார்கள். நடுப்பக்கம்தான் ஆளைக் காட்டும்.

கடைசியாக, விட்ட புத்தகம் எங்கே போவது? சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அதற்கு முந்தியது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் உண்டு என்பது. என் எண்ணூறு பக்க நாவலுக்கான வாசகர் எங்கள் ஃபிளாட்டின் நாலாம் மாடியில் இருந்தார். அந்த அன்ரி ஐந்து நாளில் முடித்துவிட்டு, படியில் என்னை மறித்து, வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் முழுக் கதையையும் சொன்னார். அவர் சொன்னது நன்றாகத்தான் இருந்தது.

நூலகப் புத்தகம் என்றால் பிரச்சினையே இல்லை, திகதிக்கு முன்னரே கொண்டுபோய்க் கொடுங்கள், அடுத்தவர் காத்திருப்பார். மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் பெரும்பாலும் சிங்களமும் ஆங்கிலமும்தான் ஓடும், தமிழுக்கு நண்பர்களிடம் கேட்பதே சுகம். வீட்டில் கிடக்கும் பழைய இலங்கை வெளியீடு எதையும், எவ்வளவு அலுப்பானதாக இருந்தாலும், பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன், இலங்கைத் தமிழ் வெளியீடுகளை ஸ்கேன் செய்து இணையத்தில் சேர்த்து வைக்கும் "நூலகம்" (noolaham.org) தளத்தில் அது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் அவர்களோடு கதையுங்கள். உங்களுக்கு வேண்டாத ஒரு கோயில் மலர் யாரோ ஒருவருக்குத் தன் ஊரைப் பற்றிக் கிடைக்கிற ஒரே ஆவணமாக இருக்கலாம்.

ஆனால் "அன்புடன்" என்று உங்கள் பெயர் போட்டுக் கையெழுத்திட்ட பிரதியை மட்டும் ஒருவருக்கும் கொடுக்காதீர்கள். கொழும்பு எங்களுக்குச் சின்ன ஊர், அது சுற்றிச் சுற்றி எழுதியவரின் கைக்கே போய்ச் சேரும். என்னிடம் அப்படிப் பதினொன்று இருக்கின்றன, அலுமாரியின் கீழ்த்தட்டில், பின்வரிசையில்.