இணையவழிக் கூட்டத்தில் கருத்து மோதலா? ஏஐ உதவியாளரைப் பயன்படுத்தும் முறை

எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பை வெள்ளிக்கிழமையே வெளியிடுவதா, திங்கட்கிழமைக்குத் தள்ளிவைப்பதா என்று எங்கள் குழுவின் டெவலப்பர்களும் டெஸ்டர்களும் ஒரு மணி நேரம் வாதாடிய கூட்டத்தில்தான் இந்த முறையை முதன்முதலாகப் பயன்படுத்தினேன். மைக்ரோசாப்ட் டீம்ஸில் கோபைலட், ஜூமில் ஏஐ கம்பானியன், கூகுள் மீட்டில் ஜெமினி ஆகிய ஏஐ (செயற்கை நுண்ணறிவு) உதவியாளர்கள் கூட்டத்தின் பேச்சைப் புரிந்துகொண்டு நம் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்கள். இங்கே டீம்ஸை வைத்து விளக்குகிறேன். கோபைலட்டுக்குத் தனிக் கட்டண உரிமம் தேவை என்பதால், உங்கள் அலுவலகக் கணக்கில் அது இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: அமைப்பும் ஒப்புதலும்

கூட்டத்தை ஏற்பாடு செய்பவர், கூட்ட அமைப்புகளில் கோபைலட்டைக் கூட்டத்தின்போது மட்டும் அனுமதிக்கலாம். முடிந்த பிறகும் அனுமதிக்கலாம். முதல் வகையில் பேச்சின் எழுத்துப் பதிவு சேமிக்கப்படுவதில்லை. மோதலைத் தீர்க்க வேண்டுமானால் யார் என்ன சொன்னார் என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால், நான் இரண்டாவதையே தேர்ந்தெடுக்கிறேன். பதிவு நடக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே வாய்விட்டுச் சொல்லி, ஒவ்வொருவரின் சம்மதத்தையும் கேளுங்கள். இது மரியாதைக்காக மட்டுமன்று: கலிஃபோர்னியாவில் அந்தரங்கமான உரையாடலைப் பதிவு செய்ய, அதில் பங்கேற்கும் அனைவரின் ஒப்புதலும் சட்டப்படி தேவை.

படி 2: கேட்க வேண்டிய கேள்வி

புதியவர்கள் பெரும்பாலும் "யார் சொல்வது சரி?" என்று கேட்டுவிடுகிறார்கள். அந்தக் கேள்வி வேண்டாம். வாதம் சூடாகும்போது கோபைலட்டிடம் இப்படித் தட்டச்சு செய்யுங்கள்: "இதுவரையிலான பேச்சில் எந்தெந்த விஷயங்களில் கருத்து வேறுபாடு உள்ளது? ஒவ்வொரு தரப்பும் சொன்ன காரணத்தைத் தனித்தனியே, பெயர் குறிப்பிடாமல் எழுது." எங்கள் கூட்டத்தில் வந்த பதிலில், இரு தரப்பும் தேதியைப் பற்றியே சண்டையிடவில்லை என்பது தெரிந்தது. வார இறுதியில் கோளாறு வந்தால் அழைப்பை எடுப்பவர் யார் என்பதே டெஸ்டர்களின் கவலை. அதை யாரும் நேரடியாகக் கேட்கவே இல்லை.

படி 3: பதிவோடு ஒப்பிடுதல்

இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் குழுக்களில் எழுத்துப் பதிவு அடிக்கடி தடுமாறும். அதைவிட ஆபத்தானது, சொல் சரியாகப் பதிவாகி, பொருள் தவறிப் போவது. "வியாழனுக்குள் முடியுமா?" என்ற கேள்விக்கு எங்கள் டெவலப்பர் ஒருவர் "பார்க்கலாம்" என்றார். நம் ஊரில் பத்துக்கு எட்டுத் தடவை அது நாசூக்கான மறுப்பு என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். கோபைலட் தந்த சுருக்கத்திலோ, வியாழனுக்குள் முடிக்க அவர் ஒப்புக்கொண்டதாக இருந்தது. அதை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால் இன்னொரு சண்டை தொடங்கியிருக்கும். ஆகவே வாக்குறுதி, தேதி, பொறுப்பு ஆகியவை வரும் ஒவ்வொரு வரியையும் மூலப் பதிவில் தேடிப் படித்துவிடுங்கள்.

படி 4: திரையில் காட்டித் திருத்துதல்

சரிபார்த்த பட்டியலைத் திரையில் பகிர்ந்து, "உங்கள் தரப்பு இதில் சரியாக வந்திருக்கிறதா?" என்று இரு தரப்பிடமும் கேளுங்கள். தம் வாதத்தை எழுத்தில் பார்ப்பவர் பெரும்பாலும் குரலைத் தாழ்த்தித் திருத்தம் சொல்லத் தொடங்குவார்.

பேச்சு தனிப்பட்ட மனத்தாங்கலாக மாறினால், உதவியாளரையும் பதிவையும் நிறுத்திவிட்டு, சம்பந்தப்பட்டவரைத் தனியே அழைத்துப் பேசுங்கள். குரலையும் முகத்தையும் வைத்துக் கோபத்தை அளப்பதாகச் சொல்லும் கருவிகளின் பக்கம் போகாதீர்கள். பணியிடத்தில் ஊழியர்களின் உணர்ச்சியை ஏஐ கொண்டு கணிப்பதை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்துள்ளது.

படி 5: முடிவை எழுதுதல்

ஒப்புக்கொண்ட முடிவு, பொறுப்பாளர், நாள் ஆகிய மூன்றை மட்டும் கோபைலட்டிடம் எழுதச் சொல்லி, திருத்தி, அன்றைக்கே குழுவுக்கு அனுப்புங்கள். எங்கள் கூட்டத்தின் குறிப்பு இரண்டே வரிகள்தான்: வெளியீடு வெள்ளிக்கிழமை; சனி, ஞாயிறு அழைப்புகளை டெவலப்பர்கள் முறைவைத்து எடுப்பார்கள்.