மந்திர தியானம்: மனத்தோடு மல்லுக்கட்டாமல் தொடங்குவது எப்படி?

சிறுவயதிலிருந்து தைப்பூச விரத நாள்களில் உருத்திராட்ச மாலையை உருட்டி 108 முறை மந்திரம் சொல்லிப் பழகியவன் நான். அதே பழக்கத்தோடு மந்திர தியானத்தில் உட்கார்ந்தேன். மூன்று மாதம் தலைவலிதான் மிச்சம். அது எப்படிச் சரியானது என்று பினாங்கு ஆயர் ஈத்தாமில் என்னோடு காலையில் நடக்க வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

குருவிடம் பெற்ற மந்திரம் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் ‘ஸோஹம்’ போலச் சின்னதாக ஒன்று. நீண்ட சுலோகம் வேண்டாம், அடுத்த சொல்லை மனம் தேடத் தொடங்கிவிடும்.

நாற்காலியில் வசதியாக உட்காருங்கள். கண்ணை மூடி அரை நிமிடம் சும்மா இருங்கள். அப்புறம் மந்திரத்தை நினையுங்கள். உதடும் நாக்கும் அசைய வேண்டாம்.

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். ஜபத்தை வாசிகம், உபாம்சு, மானசம் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். வாய்விட்டுச் சொல்வது, முணுமுணுப்பது, மனத்துக்குள் நினைப்பது. நானோ மனத்துக்குள்ளும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் தெளிவாக, ஒரே வேகத்தில், மூச்சோடு சேர்ந்து வர வேண்டும் என்று இழுத்துப் பிடித்தேன். அதெல்லாம் தேவையே இல்லை. பினாங்கில் இருப்பவர்களுக்கு ‘கொம்தார்’ என்று படித்ததும் அந்த உயரமான கட்டடம் நினைவுக்கு வந்துவிட்டதல்லவா? அதற்கு என்ன பாடுபட்டீர்கள்? மந்திரமும் அவ்வளவு லேசாக வந்தால் போதும். மங்கட்டும், நீளட்டும், காணாமலும் போகட்டும்.

எண்ணங்கள் வரும். வீட்டுக் கடன், நாளைய பசியாற, எல்லாம் வரும். விரட்டாதீர்கள். வேறெங்கோ போய்விட்டோம் என்று தெரிந்ததும் மெல்ல மந்திரத்துக்குத் திரும்புங்கள். தெரியாமல் போன ஐந்து நிமிடமும் தியானத்தில் சேர்ந்ததுதான்.

மந்திரத்தை வைத்துச் செய்யும் ஆழ்நிலைத் தியானத்தைப் பரப்பிய மகரிஷி மகேஷ் யோகி 1958-இல் தொடங்கிய பயணத்தில் மலாயாவுக்கும் வந்தவர். காலையும் மாலையும் 20 நிமிடம் என்பது அவர் வழி. முதல் வாரம் 10 நிமிடம் போதும் என்பேன். அலாரம் வைக்காதீர்கள், தூக்கிப்போடும். எதிரே ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தால் கண்ணை லேசாகத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். இசை போடும் செயலிகளும் எனக்கு ஒத்துவரவில்லை, காது அதன் பின்னால் போய்விடுகிறது.

முடிந்ததும் சட்டென்று எழக்கூடாது. மந்திரத்தை விட்டுவிட்டு இரண்டு மூன்று நிமிடம் கண்மூடியே இருங்கள். இதைத் தவிர்த்த நாள்களில் வீட்டில் எரிந்து விழுந்திருக்கிறேன்.

பின்சேர்க்கை: தூக்கம் வருகிறது என்று பலர் கேட்டார்கள். உடம்புக்குத் தேவைப்படுகிறது, தூங்குங்கள். சாப்பிட்ட கையோடு மட்டும் உட்கார வேண்டாம். தெருச் சத்தத்தையும் எண்ணம் போலவே வந்து போக விடுங்கள். பதற்றம் கூடினால் கண்ணைத் திறந்து நிறுத்திவிடுங்கள். மனநலத்துக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒரு தங்கைக்கு: காலை மாலைக் கணக்கு வேண்டாம்மா, தூங்கி எழுந்ததும் ஒருமுறை, வேலைக்குக் கிளம்புமுன் ஒருமுறை.