டிரம்மில் முதல் வாளி விழும் முன்பே எழுதுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், ஜேக்கப்ஸ் பகுதியில் ஒரு சின்ன முலாம் பட்டறையின் கழிவுக் கிடங்கு என் பொறுப்பு. வீடு மெரபேங்கில், காற்று திரும்பினால் பட்டறைப் பக்கத்து வாடை எங்கள் சமையலறைக்கே வரும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே ஒரு தடித்த மார்க்கரைக் கொடுத்துவிடுவேன். டிரம்மில் முதல் வாளியை ஊற்றும் முன், உள்ளே போவது என்ன, எந்தத் தொட்டியிலிருந்து, என்ன தேதி, மூன்றையும் எழுது என்பேன். நிரம்பி மூடியதும் அந்தத் தேதியையும்.

முன்பு நான் இருந்த ஒரு பட்டறையில் சுவரோரம் பெயரில்லாத டிரம் ஒன்று நின்றது. அமிலம் கழுவிய தண்ணீர் என்றார் ஒருவர். இல்லை, துத்தநாகத் தொட்டியின் சயனைடு நீர் என்றார் இன்னொருவர். இந்த இரண்டும் கலந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும், சில நிமிடங்களிலேயே ஆளைக் கொன்றுவிடும். ஆய்வகம் சயனைடு என்று சொன்னது. அந்த டிரம்மை ஒட்டியே ஹைட்ரோகுளோரிக் அமிலம் நின்றிருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதனால் சயனைடும் அமிலமும் கிடங்கின் எதிரெதிர் மூலைகளில், கசிந்தால் வெளியே ஓடாதபடி சுற்றிக் கட்டிய தனித்தனித் தடுப்புக்கட்டுக்குள் இருக்கட்டும். ஒரே கட்டுக்குள் வைத்தால் கசிவு இரண்டையும் சேர்த்துவிடும். குரோமியக் கழிவுநீரும் தனி. குரோமியத்தைச் சுத்திகரிக்க அமிலத்தன்மை வேண்டும், சயனைடை அழிக்கக் காரத்தன்மை வேண்டும், கலந்துவிட்டால் இரண்டு வேலையும் கெடும்.

இனி சட்டம். தென்னாப்பிரிக்காவின் 2013 கழிவு விதிகளின்படி, கழிவு உண்டான 180 நாட்களுக்குள் அதை, ரசாயன ஆபத்துகளை வகைப்படுத்தும் நாட்டின் தரமான சான்ஸ் 10234 படி வகைப்படுத்த வேண்டும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும். வகைப்படுத்தும் முன் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. 18 மாதத்துக்குள் மறுசுழற்சிக்கோ சுத்திகரிப்புக்கோ அகற்றவோ போய்விட வேண்டும். தேதி எழுதாத டிரம்முக்கு இந்த நாட்களை எங்கிருந்து எண்ணுவது?

கிடங்கிலுள்ளவற்றின் பட்டியலில் ஒரு பிரதியை கேட் அருகே வையுங்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனுக்கு வடக்கே கார்னூபியாவில் ஒரு ரசாயனக் கிடங்கு எரிந்தபோது, ரசாயனம் கலந்த நீர் ஓலாங்கா ஆற்றில் இறங்கிக் கடலுக்குப் போனது. மீன்கள் செத்து மிதந்தன, கடற்கரைகளை மூடினார்கள். உள்ளே என்ன எரிகிறது என்பது தீயணைப்பு வீரர்களுக்கு வாசலிலேயே தெரிய வேண்டும்.

லாரி வந்ததும், உங்கள் தாளில் உள்ள டிரம் எண்ணிக்கையும் எடையும் மேனிஃபெஸ்ட்டில், அதாவது கழிவோடு கூடவே போகும் ஆவணத்தில், உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். கழிவைப் பெற்றுக்கொண்ட இடத்தின் கையெழுத்தோடு மேனிஃபெஸ்ட்டின் பிரதி திரும்பி வரவேண்டும். இரண்டு வாரத்தில் வராவிட்டால் நான் போன் போட்டுக் கேட்பேன், சங்கடப்படுவதில்லை. வந்த பிரதிகளை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். என்னுடையவை தண்ணீர் ஏறாத மேல் அலமாரியில், வருடவாரியாகக் கட்டி வைத்திருக்கிறேன்.