குதிரைத்திறனை எடையால் வகுத்துப் பாருங்கள்
பெரிய எஸ்யூவியையும் சிறிய ஹேட்ச்பேக்கையும் முடுக்கத்தில் ஒப்பிட விரும்புவோர், விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் குதிரைத்திறனோடு நின்றுவிடாமல், அதை வண்டியின் எடையால் வகுத்துப் பார்க்க வேண்டும். உதாரணமாக, 2,200 கிலோ எடையும் 180 குதிரைத்திறனும் கொண்ட எஸ்யூவிக்கு டன்னுக்கு ஏறத்தாழ 82 குதிரைத்திறன் வருகிறது. 900 கிலோ எடையும் 82 குதிரைத்திறனும் கொண்ட ஹேட்ச்பேக்குக்கோ 91 வருகிறது. ஆகவே, காலியாக ஓடும்போது சிறிய கார் துள்ளிக்கொண்டு புறப்படுவதில் வியப்பில்லை. ஆனால் ஆட்களும் பெட்டிகளுமாக 280 கிலோ ஏறியதும் கணக்கு தலைகீழாகிவிடுகிறது: எஸ்யூவிக்கு 72.6, ஹேட்ச்பேக்குக்கு 69.5. தனியாகச் சென்று ஓட்டிப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது என்பதால், சோதனை ஓட்டத்திற்குக் குடும்பத்தோடு செல்வதே சரி.

நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் நேரத்தைப் பலரும் பெருமையாகப் பேசினாலும், நெடுஞ்சாலையில் லாரியை முந்துவதற்கு 60 முதல் 100 வரை எடுக்கும் நேரமே பயன்படும் என்பது என் கருத்து. வேகம் கூடக்கூட, காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப (வேகம் இரு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காக) உயர்வதால், அகன்ற முகப்புள்ள எஸ்யூவி அங்கே கூடுதலாகத் திணறும். வாகனமில்லாத சமதளச் சாலையில், வேக வரம்புக்கு உட்பட்டு, அருகில் அமர்ந்திருப்பவர் நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். வேகமானி பெரும்பாலும் சற்றுக் கூட்டியே காட்டும் என்பதால், கைப்பேசியின் ஜிபிஎஸ் வேகத்தையே கணக்கில் கொள்ளலாம்.