செத்துப்போன டெஸ்க்டாப்புக்கு மாற்று: கையைக் கடிக்கும் தவறுகள்

சுவிட்சை அமுக்கினால் சத்தமே இல்லை. அல்லது ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸ், ஈரோட்டு மஞ்சள் மண்டி, நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸ் என்று எங்கே நடந்தாலும் அடுத்தது ஒன்றுதான். பில் போட முடியவில்லை என்ற பதற்றத்தில் அன்று சாயந்திரமே கடைக்குப் போய், கையில் இருக்கும் 15,000 ரூபாய்க்குக் கிடைத்ததை வாங்கி வருவார்கள். காசு வீணாவது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான். பழைய பெட்டிக்குள் எது போயிருக்கிறது, எது இன்னும் நன்றாக இருக்கிறது, அதை நம்பி வேறு என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

எது போனது என்று பார்க்காமல் கிளம்புவது

முதலில் யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு, பவர் கார்டை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். 600 விஏ யுபிஎஸ்களில் இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். பேட்டரி செத்த யுபிஎஸ் சில சமயம் கரண்ட் இருக்கும்போதே பெட்டிக்கு மின்சாரம் விடாது. பேட்டரி மாற்றினால் முடிகிற வேலைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் உண்டு.

துளியும் அசைவில்லை என்றால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் மற்ற பாகங்களுக்கு மின்சாரம் தரும் டப்பா) மேல். பவர் கார்டைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் இருந்து 24 பின் இணைப்பையும் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் வயர்களையும் உருவுங்கள். 24 பின்னில் பச்சை வயர் ஒன்றுதான் இருக்கும். அதையும் பக்கத்தில் உள்ள ஒரு கறுப்பு வயரையும் சின்னக் கம்பித் துண்டால் இணைத்துவிட்டு, அதன் பிறகு கார்டை மாட்டுங்கள். எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றாவிட்டால் அது போய்விட்டது என்று கொள்ளலாம். சுற்றினாலும் உடனே நம்ப வேண்டாம். மல்டிமீட்டரை டிசி-யில் வைத்து மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட், ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். எஸ்எம்பிஎஸ் டப்பாவைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். டெல், எச்பி ஆபீஸ் மாடல்கள் பலவற்றில் 24 பின் இணைப்பே கிடையாது, அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

ஃபேன் சுற்றி, படம் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் ராம் (மதர்போர்டில் செருகும் நினைவகப் பட்டை). கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு ராமை மட்டும் ஒவ்வொரு ஸ்லாட்டாக மாட்டிப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 செல்லையும் மாற்றிவிடுங்கள், 50 ரூபாய்க்குள் முடியும். ராம் இல்லாமல் ஆன் செய்யும்போது பீப் சத்தம் வந்தால் மதர்போர்டும் பிராசஸரும் இன்னும் வேலை செய்கின்றன என்று ஓரளவு நம்பலாம். மதர்போர்டில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால், கசிந்திருந்தால், அதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம். பழைய மாடல் போர்டை ரிப்பேர் செய்து வாங்கினால் மூன்று மாதத்தில் மறுபடி அதே கடை வாசலில் நிற்க நேரும்.

டிஸ்க்கையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது

மாற்றித் தரச் சொல்லிப் பழைய பெட்டியை அப்படியே கடையில் வைத்துவிட்டு வருவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கடையில் விண்டோஸ் புதிதாகப் போடுவார்கள், சி டிரைவ் ஃபார்மட் ஆகும். டி டிரைவில் போட்டது தப்பிக்கும். ஆனால் டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் போட்டதெல்லாம் சி டிரைவில்தான் இருக்கிறது. கணக்கு சாஃப்ட்வேரான டேலிபிரைமின் டேட்டாவும், இடத்தை மாற்றாவிட்டால், சி டிரைவின் யூசர்ஸ், பப்ளிக், டேலிபிரைம், டேட்டா என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். டிடிபி செய்கிறவர்கள் வானவில், பாமினி எழுத்துருக்களையும் விண்டோஸ் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருந்து எடுத்து வைக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் பழைய கல்யாணப் பத்திரிகை ஃபைல் எல்லாம் வெறும் ஆங்கில எழுத்தாகத் திறக்கும்.

ஆகவே கடைக்குப் போகும் முன்பே டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வையுங்கள். சாட்டா-யுஎஸ்பி கன்வெர்ட்டர் (டிஸ்க்கின் சாட்டா இணைப்பை யுஎஸ்பி-யாக மாற்றுவது) ஒன்று வாங்கினால் வேறு கம்ப்யூட்டரிலோ லேப்டாப்பிலோ மாட்டி நகல் எடுக்கலாம். டெஸ்க்டாப்பின் 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட் அடாப்டரோடு வரும் கன்வெர்ட்டர்தான் வேண்டும். வெறும் யுஎஸ்பி கேபிள் 2.5 இன்ச் டிஸ்க்குக்கும் எஸ்எஸ்டி-க்கும் (சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) மட்டுமே போதும். டிஸ்க்கில் டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கெடுதல் கூடும். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால் பெரும்பாலும் அங்கே கிடைக்கும்.

ஐ5 என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்குவது

கடையில் ஐ5, 8 ஜிபி, எஸ்எஸ்டி என்று எழுதி வைத்திருப்பார்கள். ஐ5 என்பது இன்டெல் பிராசஸரின் பெயர். ஐ5-2400 கூட ஐ5-தான், அது 2011-ல் வந்தது. ஐ5-8500 வந்தது 2018-ல், அதில் ஆறு கோர் இருக்கிறது. ஐ5-க்கு அடுத்து வரும் எண்ணின் தொடக்கத்தைப் பாருங்கள்: 2 என்றால் இரண்டாம் ஜெனரேஷன், 8 என்றால் எட்டாம் ஜெனரேஷன், 12 என்றால் பன்னிரண்டு. கடைக்காரர் என்ன சொன்னாலும் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து அந்த எண்ணை உங்கள் கண்ணால் பாருங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும் என்றால், விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றுவிட்டன. மைக்ரோசாஃப்ட் விதிப்படி விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் ஜெனரேஷன், ஏஎம்டி-யின் ரைசன் பிராசஸரில் 2000 வரிசை, அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். நான்காம், ஆறாம் ஜெனரேஷன் பெட்டிகளை இப்போது மலிவாகத் தள்ளிவிடுவதற்கு இதுதான் காரணம். வழி செய்து விண்டோஸ் 11 போட்டுத் தந்துவிடுவார்கள், ஓடவும் செய்யும். ஆனால் ஒவ்வொரு வருடமும் வரும் பெரிய அப்டேட் அதில் வருமா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. பேங்க், ஜிஎஸ்டி, பிஎஃப் வேலை செய்கிற கம்ப்யூட்டரில் அந்த ஆபத்து வேண்டாம்.

குறைந்த பணத்தில் நாங்கள் சொல்வது ரீஃபர்பிஷ்டு (பயன்படுத்தியதைச் சரிசெய்து விற்கும்) ஆபீஸ் மாடல்தான்: டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060, 5060, 7060, எச்பி புரோடெஸ்க் 600 ஜி4, லெனோவோ திங்க்சென்டர் எம்720 போன்றவை. எண்ணில் சின்ன வித்தியாசம்கூட முக்கியம். ஆப்டிபிளெக்ஸ் 3050 பார்க்க 3060 மாதிரியேதான் இருக்கும், ஆனால் உள்ளே ஆறாம் அல்லது ஏழாம் ஜெனரேஷன். இவற்றில் சின்னப் பெட்டியாக வருபவற்றில் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது, உயரமான கார்டும் நுழையாது. எஸ்எம்பிஎஸ் போனால் அதே மாடலுக்கானது தேட வேண்டும். இடம் இருந்தால் டவர் மாடலாகப் பாருங்கள்.

மதர்போர்டு மட்டும் போயிருந்தால், பழைய பிராசஸர்களுக்கான எச்61, எச்81 போர்டைப் புதிதாகவே வாங்கலாமே என்று சிலர் சொல்வார்கள். போர்டு புதிது, ஆனால் அந்தத் தொழில்நுட்பம் பத்து வருடத்துக்கு மேல் பழையது. உங்கள் பழைய பிராசஸர் அதில் உட்காருமா என்பதும் வேறு கேள்வி. எச்61-ல் இரண்டாம், மூன்றாம் ஜெனரேஷன்தான் உட்காரும், எச்81-ல் நான்காம் ஜெனரேஷன்தான். ஆறாம் ஜெனரேஷனுக்கும் எட்டாம் ஜெனரேஷனுக்கும் சாக்கெட் எண் 1151 என்று ஒன்றாக இருந்தாலும் போர்டு வேறு வேறு.

புதுப் பாகங்களாக வாங்கி அசெம்பிள் செய்பவர்கள் தவறுவது ஓர் எழுத்தில். ஐ3-12100எஃப் என்பது ஐ3-12100-ஐ விட மலிவு, ஏனென்றால் அதில் கிராஃபிக்ஸ் கிடையாது. ரைசன் 5 5600-லும் இல்லை, 5600ஜி-யில் உண்டு. எஃப் வாங்கிவிட்டால் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் படமே வராது, மிச்சம் பிடித்ததைவிடக் கார்டுக்கு அதிகம் போகும்.

எடுத்து மாட்டலாம் என்று எல்லாவற்றையும் நம்புவது

பழைய தலைமுறை டிடிஆர்3 ராம் அடுத்த தலைமுறை டிடிஆர்4 போர்டில் நுழையவே நுழையாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. டிடிஆர்4 என்றால் கட்டாயம் எடுத்து வையுங்கள். 2025 கடைசியில் இருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், கையில் இருக்கும் 8 ஜிபி-க்கு இப்போது மதிப்பு அதிகம்.

எஸ்எஸ்டி-யில் இன்னொரு குழப்பம். ஒல்லியான எம்.2 வடிவத்திலேயே சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு இருக்கின்றன. ஸ்லாட் எதை ஏற்கும் என்று பார்க்காமல் வாங்கினால் டிஸ்க் தெரியாது. சந்தேகம் என்றால் 2.5 இன்ச் சாட்டா வாங்குங்கள், ஆபீஸ் வேலைக்கு அதன் வேகமே தாராளம். விண்டோஸுக்கு 256 ஜிபி எஸ்எஸ்டி, பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் பேக்கப்புக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

மானிட்டரை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்து, புதுப் பெட்டியில் டிஸ்பிளே போர்ட் மட்டும் இருந்தால் உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை விஜிஏ என்று வெறும் வயராக விற்பது வேலை செய்யாது.

எடைமேடையையும் பிரின்டரையும் மறந்துவிடுவது

நம் பக்கம் கம்ப்யூட்டர் தனியாக நிற்பதில்லை. மண்டியில் டாட் மேட்ரிக்ஸ், எடைமேடையில் 9 பின் சீரியல் வயர், எம்பிராய்டரி பஞ்சிங் செய்யும் இடத்தில் சாஃப்ட்வேர் டாங்கிள் (சாஃப்ட்வேரைத் திறக்கும் பூட்டுச் சாவி), ஆடிட்டர் ஆபீஸில் டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து உள்ள யுஎஸ்பி) என்று ஒவ்வொன்றும் அந்தப் பழைய பெட்டியோடு பிணைந்து கிடக்கிறது. வாங்கும் முன்பே பெட்டியின் பின்பக்கத்தை செல்போனில் படம் எடுத்து, எந்த வயர் எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரின் 25 பின் பேரலல் போர்ட் புதுப் பெட்டிகளில் இருக்காது. யுஎஸ்பி-பேரலல் கேபிள் போட்டால் விண்டோஸில் இருந்து பிரின்ட் வரும். ஆனால் பழைய டாஸ் பில்லிங் புரோகிராம் நேராக எல்பிடி1 என்ற பேரலல் போர்ட்டுக்குத்தான் அனுப்பும், அதற்கு அந்தக் கேபிள் தெரியாது. பிரின்டரை ஷேர் செய்து, நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1-ஐ அதற்குத் திருப்பிவிட வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல், விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் புரோகிராம் நேரடியாகத் திறக்காது, பழைய டாஸ் புரோகிராமை ஓட்டும் டாஸ்பாக்ஸ் போன்ற சாஃப்ட்வேர் ஒன்று வேண்டும். இது தெரியாமல் பெட்டியை மாற்றியவர்கள் அடுத்த நாள் காலையில் ஏலத்துக்கு பில் போட முடியாமல் தவிக்கிறார்கள்.

எடைமேடைக்கு யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் வாங்கும்போது எஃப்டிடிஐ சிப் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். மலிவானவற்றில் இருக்கும் பழைய ப்ரோலிஃபிக் சிப்கள் விண்டோஸ் 11-ல் ஓடாது, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறிதான் வரும். மாட்டிய பிறகும் எடை வரவில்லை என்றால் காம் எண்ணை (சீரியல் போர்ட்டின் எண்) பாருங்கள். சாஃப்ட்வேர் காம்1-ஐ எதிர்பார்க்கும், கன்வெர்ட்டர் காம்3 ஆக உட்கார்ந்திருக்கும். டிவைஸ் மேனேஜரிலேயே மாற்றலாம்.

டேலி லைசென்ஸை முறைப்படி பழைய கம்ப்யூட்டரில் சரண்டர் செய்துவிட்டுத்தான் புதியதில் போட வேண்டும். பெட்டி செத்துவிட்டால் அது முடியாது, லைசென்ஸை ரீசெட் செய்ய வேண்டும். அதற்கு சீரியல் எண்ணும், லைசென்ஸோடு பதிவான மின்னஞ்சலும் தேவை. அந்த மின்னஞ்சல் எப்போதோ வேலையை விட்டுப்போன கணக்கருடையதாக இருக்கக்கூடும். இன்றே பார்த்து வையுங்கள்.

பழையதைக் கொன்றதையே புதியதற்கும் வைத்துவிடுவது

தறிக்குடோன், ஸ்பின்னிங் மில், பனியன் கட்டிங் பக்கத்தில் இருக்கும் பெட்டிகளைத் திறந்தால் ஹீட் சிங்கில் பஞ்சு படர்ந்து துணி மாதிரி மூடியிருக்கும். காற்று போகாமல் சூடேறிப் பெட்டி தானாக அணையும், நாளடைவில் எஸ்எம்பிஎஸ் போகும். அப்படிப்பட்ட இடத்தில் மாதம் ஒரு முறை புளோயர் அடியுங்கள், அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தரையில் வைக்காமல் ஒன்றரை அடி உயரத்தில் வைத்தாலே பஞ்சு குறையும்.

எர்த்தையும் ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டரில் 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் குழியைக் கவனிக்க வேண்டும். சித்திரை, வைகாசி இடிமழையில் பவர் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, நெட்வொர்க் வயரையும் கழற்றுங்கள். அந்த வயர் வழியாக வந்து போர்டையே எடுத்துக்கொண்டு போவது இங்கே சகஜம்.

புது எஸ்எம்பிஎஸ் வாங்கினால் மேலே பெரிதாக எழுதிய 450 வாட்டை நம்பாமல், ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றால் அந்த வழியில் கிடைப்பது 192 வாட்தான்.

பணம் கொடுக்கும் முன்

கோவை காந்திபுரமோ உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக் கடையோ, ரீஃபர்பிஷ்டு பெட்டியை அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். ஆன் செய்ததும் பயாஸை (போர்டின் அடிப்படை செட்டிங் பக்கம்) திறந்து பாருங்கள்: டெல்லில் எஃப்2, எச்பி-யில் எஃப்10, லெனோவோவில் எஃப்1. பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பெட்டி வேண்டாம், பழைய கம்பெனி பூட்டியதைத் திறக்க உங்களால் முடியாது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டு எஸ்எஸ்டி-யின் ஹெல்த் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். எல்லா யுஎஸ்பி போர்ட்டிலும் மவுஸை மாட்டிப் பாருங்கள். வாரன்டி எத்தனை மாதம், எந்தெந்தப் பாகத்துக்கு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் புதுப் பாகங்களுக்குத் தங்கள் ஜிஎஸ்டி எண்ணோடு பில் கேட்டால் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம்.

பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட அவசரம் காட்ட வேண்டாம். அதற்குக் கிடைப்பது சொற்பம். ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கலாகி, டோக்கன் கையெழுத்து விழுந்து, பழைய வருட டேலி கம்பெனி ஒவ்வொன்றும் புதுப் பெட்டியில் திறந்து பார்த்த பிறகு அதை எடைக்குப் போடுங்கள். டிஸ்க் மட்டும் உங்களிடமே இருக்கட்டும்.