மிக்ஸி கத்துது, பிளேடு சுத்தல: கப்ளரை வீட்டிலேயே மாற்றும் முறை

மோட்டார் சத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்கிறது, ஆனால் ஜாருக்குள் தேங்காய்ச் சில்லு போட்ட இடத்திலேயே கிடக்கிறது. உங்கள் மிக்ஸி இப்படி இருந்தால் பயப்பட வேண்டாம், அநேகமாக மோட்டார் நன்றாகத்தான் இருக்கும், தேய்ந்துபோனது கப்ளர். ஜார் உட்காரும் இடத்தின் நடுவில் பல் பல்லாக ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கிறதே, அதுதான். 2011-ல் தொடங்கிய தமிழக அரசுத் திட்டத்தில் மேலூர், உசிலம்பட்டி பக்கம் கிடைத்த விலையில்லா மிக்ஸி ஏதாவது பரணில் தூங்கினால் அதையும் இறக்கிப் பாருங்கள், இந்தச் சின்னச் சாமானுக்காகவே ஒதுக்கி வைத்திருக்கலாம்.

சத்தமே வரவில்லை என்றால் அது வேறு விஷயம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைக் கவிழ்த்தால் அடியில் ஒரு சின்னப் பட்டன் தெரியும், பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். கறிக்குழம்பு மசாலாவைத் தண்ணீர் விடாமல் கெட்டியாக அரைக்கும்போது மோட்டார் திணறினால் அந்த ஓவர்லோடு சுவிட்ச் கரண்டை நிறுத்திவிடும். ஒரு பத்து நிமிடம் ஆறவிட்டு அமுக்கிப் பாருங்கள்.

சரி, கப்ளருக்கு வருவோம். அதைத் தொடும் முன் ஜாரைப் பாருங்கள், இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஜாரைக் கவிழ்த்து அடியில் இருக்கும் பல்லை விரலால் சுற்றினால் பிளேடு லேசாகச் சுற்ற வேண்டும். இறுகி நின்றால், மசாலாத் தண்ணீர் அடியில் இறங்கி, பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ்ஷுக்குள் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, நன்றாகக் காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுக் கையால் சுற்றிச் சுற்றி இளக்குங்கள். அப்படியும் அசையாத ஜாருக்குப் புது புஷ் போட வேண்டும். இதைக் கவனிக்காமல் புதுக் கப்ளர் மாட்டினால் அதுவும் சீக்கிரமே போய்விடும்.

இப்போது கழற்றும் வேலை. பிளக் சாக்கெட்டில் இருக்கக்கூடாது, சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம்: ஜார் இல்லாமல் ஒரு நொடி ஓடவிட்டு நிறுத்தி, வேகம் குறையும்போது கப்ளர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். (ஜார் வைக்காமல் ஓடாத மாடல் என்றால் காலி ஜாரை வைத்து மேலிருந்து பிளேடைப் பாருங்கள்.) கப்ளர் மரை போட்டுத்தான் மாட்டியிருக்கும், மோட்டார் சுற்றச் சுற்ற இறுகும்படி அந்த மரையை வெட்டியிருப்பார்கள். அதனால் மோட்டார் சுற்றும் அதே பக்கம் திருப்பினால்தான் கழலும். எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தால் இன்னும் இறுகும், கடைசியில் ரப்பர் கிழிந்து கையோடு வரும்.

பிளக்கைப் பிடுங்கியாச்சா? கப்ளர் மாட்டியிருக்கும் மோட்டார் தண்டு கூடவே சுற்றாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பல மாடல்களில் அடிப்பக்கம் நடுவில் ஒரு ஓட்டை இருக்கும், தட்டை ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டால் தண்டின் நுனியில் உள்ள வெட்டில் உட்கார்ந்துவிடும். ஓட்டை இல்லையென்றால் அடிமூடியின் ஸ்குரூக்களைக் கழற்றித் தண்டைப் பிடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் விசிறியைப் பிடித்து நெம்பாதீர்கள், உடைந்துவிடும். மேலே பழைய கப்ளரைக் கட்டிங் பிளேயரால் அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள், அது எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது. துருப்பிடித்து அசையவில்லை என்றால் தையல் மெஷின் எண்ணெய் சொட்டு விட்டு அரை மணி நேரம் பொறுங்கள். அடியில் வாஷர் இருந்தால் அது இருந்த வரிசையை போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

கழற்றியதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். மதுரைக்காரர்கள் டவுன்ஹால் ரோடு பக்கம் போனால் விசாரித்து வாங்கிவிடலாம், பெரும்பாலும் 100 ரூபாய்க்குள் முடியும். மிக்ஸி பெயரைச் சொல்லி மட்டும் வாங்காதீர்கள், ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் பல் மாறும். பல் எத்தனை, உயரம் எவ்வளவு, மரை ஓட்டை எவ்வளவு, மூன்றையும் பழையதோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். முடிந்தால் ஜாரையும் எடுத்துப் போய் மேலே உட்காரவைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. "தேயவே தேயாத மாதிரி கெட்டியா இருந்தா குடுங்க" என்று கேட்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். சும்மா ஓடும்போது நிமிடத்துக்கு 18,000 சுற்று வரை போகும் மோட்டார் அது, விரலி மஞ்சளோ சுக்கோ பிளேடில் சிக்கி டக்கென்று நிற்கும்போது எங்காவது ஓர் இடம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். கப்ளர் விட்டுக்கொடுத்தால் செலவு நூறு ரூபாயோடு போகும், அது விட்டுக்கொடுக்காவிட்டால் அந்த அடி மோட்டாருக்குப் போகும்.

மாட்டுவது சுலபம். தண்டில் ஒட்டியிருக்கும் கறுப்பு ரப்பர் தூளைத் துணியால் துடைத்து, வாஷரைப் போட்டு, புதியதை எதிர்ப்பக்கம் கையாலேயே இறுக்கினால் போதும், மீதியை மோட்டார் ஓடும்போது தானாக இறுக்கிக்கொள்ளும்.

அப்புறம் சோதனை. அடிமூடியைக் கழற்றியிருந்தால் முதலில் அதை மூடுங்கள். ஜார் இல்லாமல் ஒன்றாம் நம்பரில் ஒரு நொடி, பிறகு ஜாரில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி போட்டுக் கொஞ்ச நேரம். கப்ளர் ஆடிக்கொண்டே சுற்றினால் மரை கோணலாக ஏறியிருக்கிறது, கழற்றி மறுபடி மாட்டுங்கள். சரியாகச் சுற்றியும் கருகல் வாடை வந்தாலோ அடியில் தீப்பொறி அதிகமாகத் தெரிந்தாலோ உடனே நிறுத்திப் பிளக்கைப் பிடுங்குங்கள், மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ்ஷோ கம்பிச் சுருளோ (காயில்) போயிருக்கலாம், அதை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதுதான் சரி.